சவுண்ட் செக்கில் ஒரு பெயர்

ஸ்பீக்கர் வீலென்று அலறியது. மேடையில் நின்ற தனுஜா காதைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சிரு தங்கச்சி. புது வயரு லா, கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுது," என்றது சன்னாசியின் குரல்.

சன்னாசி புக்கிட் செந்தோசாவிலிருந்து அன்று பிற்பகல்தான் வந்து சேர்ந்த சவுண்ட்காரர். பலகைத் தடுப்புக்குப் பின்னால் மிக்ஸரோடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து மேடை தெரியாது. ஹெட்போனில் கேட்பதுதான் அவருக்கு மேடை.

செகிஞ்சான் வயலோரத்துப் பழைய நெல் கிடங்கு அது. சொந்தமாகப் பாட்டுக் கட்டும் சின்னக் குழுக்கள் சனிக்கிழமைகளில் அங்கே பாடும். நாளைக்குத் தனுஜாவின் குழு. கடைசிப் பாட்டு அவள் கணவன் கோகிலன் மெட்டுப் போட்டது. இருவரும் சேர்ந்து ஒரு தடவைகூட அதை முழுதாக வாசித்ததில்லை. அதற்குள் பாகான் நக்கோடா ஓமார் சாலையில் ஒரு லோரி அவனை அடித்துப் போட்டுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் இன்னும் ஆகவில்லை. துக்க வீட்டுப் பெண் மேடையேறுவதா என்று மாமியார் பேச்சையே நிறுத்திவிட்டாள். மேடையில் கோகிலனின் டிரம்ஸ் நின்றது. அதை வாசிக்க ரவாங்கிலிருந்து குகன் நாளைதான் வருவான்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கிடங்கெங்கும் ஈர உமியின் வாடை.

சன்னாசி தன் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த குழுவின் பழைய போஸ்டரைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். யார் பெயரைக் கூப்பிடுகிறாரோ அவர் வாசிக்க வேண்டும். அவர் தொழில் அப்படி.

"கித்தாரு, தீபன்."

தீபன் மீட்டினான்.

"என்ன தம்பி, சோறு திங்கலயா? இன்னும் கொஞ்சம் சத்தமா... ஆங், போதும். டிரம்ஸு, கோகிலன். கிக் மட்டும் குடு."

தீபனின் விரல்கள் நின்றன. "அக்கா, அவர்கிட்ட சொல்லிடுங்க," என்று கிசுகிசுத்தான். "காரியம் முடியற வரைக்கும் செத்தவங்கள பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது."

தும்.

டிரம்ஸுக்குப் பின்னால், காலால் கிக்கை மிதிக்க யாருமில்லை.

"நல்லாருக்கு. இப்ப ஸ்னேர்."

டப்.

குச்சிகள் இரண்டும் பைக்குள்ளேயே இருந்தன.

தீபன் கித்தாரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான். தனுஜா ஓடவில்லை. மைக்கை இறுகப் பற்றினாள்.

"அண்ணே, கடைசிப் பாட்டு போலாம். அவர இன்னொரு வாட்டி கூப்புடுங்க."

"கோகிலன், கடைசிப் பாட்டு லா."

அவள் பாடினாள். தாளம் கூடவே வந்தது. அழுகை முட்டி அவள் நின்ற இடத்தில் அதுவும் நின்று காத்திருந்தது. அவன் மட்டும்தான் அப்படிக் காத்திருப்பான். பாட்டு முழுதாக முடிந்தது.

"இன்னொரு தடவை, அண்ணே. பேரச் சொல்லுங்க."

சொன்னார். தாளம் வந்தது, முன்னைவிட மெதுவாக.

"மறுபடியும்."

இந்த முறை அது நொண்டியது. அடிக்கு அடி இடைவெளி விழுந்தது. உயிரைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல இருந்தது.

"மறுபடியும், அண்ணே. நாளைக்கும் கூப்புடணும்."

தகரக் கூரையில் மழை இறங்கியது. ஸ்பீக்கரில் சன்னாசியின் குரல் தணிந்து வந்தது.

"தங்கச்சி, டிரம்ஸ் மைக்ல அந்தத் தம்பி அழுவுது. போவணுமாம், நீ விட மாட்டேங்கிறியாம்."