பனி தங்காத இடம்

புதுக்கூரை போட்ட பிறகு விழுந்த முதல் பெரும்பனி அது. இரவெல்லாம் கொட்டிவிட்டு விடிகாலையில்தான் ஓய்ந்தது. தபால் பெட்டியை மூடியிருந்த பனியை வெறுங்கையால் தட்டிவிட்டாள் சைமா. உள்ளங்கையில் ஒட்டியது உடனே உருகி, சட்டைக் கைக்குள் ஓடிச் சிலிர்க்க வைத்தது. கையை உதறிக்கொண்டே திரும்பித் தன் வீட்டைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூரை முழுவதும் முழங்கால் உயரத்துக்குப் பனி. வடக்குக் கோடியில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, ஓர் இடத்தில் மட்டும் துளிப் பனி இல்லை. தார் ஓடுகள் கறுப்பாக, ஈரமாகத் தெரிந்தன. ஆறடி நீளம், இரண்டடி அகலம் இருக்கும். அவ்வளவு ஒழுங்காக எந்தச் சூடும் கசியாது.

அமெரிக்காவின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் ஆண்டுக்கு ஆறு மாதம் பனியோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் மனிதர் முகத்துக்கு முன்னால் கூரையைத்தான் பார்ப்பார்கள். அங்கங்கே பனி உருகி ஓடு தெரிந்தால் உள்ளே ஆள் உண்டு, அடுப்பு எரிகிறது. முகடு முதல் இறவாரம் வரை வெள்ளை வெளேரென்று கிடந்தால் வீடு காலி. செம்புச் சுரங்கம் மூடிய பிறகு இந்தத் தெருவில் அப்படி வெளுத்துப்போன கூரைகள் ஏழு. சைமாவின் வீட்டையும் எட்டாவதாக வெளுக்க வைப்பதாகத்தான் கூரைக்காரர் ரெய்னோ அக்டோபரில் சத்தியம் செய்திருந்தார். "சூடு உள்ளேயே கிடக்கும், பனி மேலேயே கிடக்கும். வீட்டுல ஆள் இருக்குன்னே வெளிய தெரியாது, பாத்துக்க." அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். அவளுக்குத்தான் கேட்கச் சுருக்கென்றது.

அன்று மதியமே ரெய்னோ தன் பழைய வண்டியில் வந்து சேர்ந்தார். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

"சாமி சத்தியமா சொல்றேன் சைமா, ஒரு ஊசி போற இடுக்குகூட நான் விடல. சூடு வெளிய போகாம இருக்கப் பரண்ல ரெண்டடி கனத்துக்குப் பஞ்சு போட்டிருக்கேன். என் வீட்டுக்கே அவ்வளவு போடல, அதைச் சொல்லிச் சொல்லியே என் பொண்டாட்டி கரிச்சுக் கொட்றா."

"அப்ப அந்தச் சூடு எங்கேருந்து வருது?"

"சூடுங்கறது திருட்டுப் பூனை மாதிரி. நாம அடைக்க அடைக்க அது வேற வழி பாக்கும். இரு, ஏறிப் பாத்துட்டு வந்துடறேன்."

நடைக்கூடத்து மேல்தளப் பலகையில் இருந்த பரண் கதவைத் திறந்து ஏணி வைத்து ஏறினார். கால் மணி நேரம் கழித்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு இறங்கினார். அங்கே ஒன்றுமே இல்லை என்றார். சூடு கசிந்தால் கை வைத்தாலே தெரியும், மேலே பல் கிட்டும் குளிர் என்றார். காப்பி குடித்தார், ஏலக்காய் ரொட்டியைத் தோய்த்துத் தின்றார்.

"வில்யோ மட்டும் இருந்திருந்தான்னா, 'உன் பஞ்சுக்குள்ள எலி குடும்பம் நடத்துதுடா ரெய்னோ'ன்னு ஒரு மாசம் என்னை ஊர்ல தலைகாட்ட விட்டிருக்க மாட்டான்."

சைமா சிரித்து வைத்தாள். கோப்பையை வாங்கும்போது அவள் விரல் அவர் கையில் பட்டது.

"ஏம்மா, கை என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு? விறகை அள்ளிப் போடு, கஞ்சத்தனம் பண்ணாத. இல்ல, மில்வாக்கிக்கு உன் தங்கச்சி வீட்டுக்காவது போயேன். ஒத்தையா ஒரு குளிர்காலத்தைக் கழிக்கறது லேசுப்பட்ட காரியமில்ல."

"இந்த வீட்டை விட்டுட்டு நான் எங்க போறது?" என்றாள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வில்யோ அவள் கணவன். போன மார்ச்சில் கூரைப் பனியைத் தள்ள ஏறியவன் வழுக்கி விழுந்தான். அவன் மேல் கூரைப் பனி மொத்தமும் சரிந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தோண்டி எடுத்தார்கள். பழைய கூரை ஒழுகல் கூரை. மூன்று வருடமாக மாற்று மாற்று என்று அவளும் சொன்னாள், அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று அவனும் சொன்னான். அவன் போன பிறகு, காப்பீட்டுக்காரர்கள் தந்ததை வைத்து அவள் கூரையை மாற்றினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கறுப்புத் தடம் மறுநாளும் இருந்தது. ஆனால் இருந்த இடத்தில் இல்லை. ஒரு முழம் தெற்கே தள்ளியிருந்தது. பழைய இடத்தைப் புதுப்பனி மூடியிருந்தது. கண்ணின் கோளாறு என்று எண்ணி, வேலிக்கம்பத்தோடு நேர்வைத்துப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள் இன்னொரு முழம். வடக்குக் கோடியில் சாமான் அறை, அடுத்து நடைக்கூடம், அப்புறம் சமையலறை, தெற்குக் கோடியில் அவள் படுக்கையறை. மாடியில்லாத சின்ன வீடு. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்குப் போட யாரும் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

வீடு புதிதாக அமைதியாகிவிட்டது, அதுதான் அவளைத் தின்றது. பழைய கூரையில் காற்று ஊளையிடும், சட்டங்கள் முனகும், ஒழுகல் பாத்திரத்தில் சொட்டும். திட்டுவதற்காவது ஒரு துணை இருந்தது. இப்போது அந்தப் பஞ்சு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. தெருவில் பனி வாரும் வண்டி போவதுகூடக் காதில் விழுவதில்லை. தன் தொண்டையில் எச்சில் இறங்கும் சத்தம், அடுப்பில் விறகு சரியும் சத்தம், பைன் பிசினும் புதுத் தாரும் கலந்து மேல்தளத்திலிருந்து இறங்கும் வாசனை, இவ்வளவுதான் வீடு. சேர்ந்தாற்போல மூன்று நாள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆள் இல்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, இருட்டத் தொடங்கும் நேரத்தில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் கூரையில் தட்டும் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் யாரும் தனியாகக் கூரை ஏற மாட்டார்கள். ஏறினால் வீட்டுக்குள் ஒருவர் இருக்க வேண்டும். மேலே இருப்பவர் அவ்வப்போது மண்வாரிக் கட்டையால் இரண்டு தட்டு தட்டுவார். 'நான் இருக்கேன்' என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் துடைப்பக் கட்டையால் மேல்தளத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். 'நானும் இருக்கேன்.' பதில் வராவிட்டால் மேலே இருப்பவர் பதறிப்போவார். தள்ளிய பனி புகைபோக்கியை அடைத்து, உள்ளே புகை சூழ்ந்து, தூங்கியபடியே செத்தவர்கள் ஊரில் உண்டு. அதனால் பதில் இல்லையென்றால் உடனே விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்துக் கூப்பிடுவார்.

வில்யோ விழுந்த அன்று காலை கட்டில்மேல் கூரை ஒழுகியது. சைமா நாக்கில் நரம்பில்லாமல் பேசினாள். ஆம்பளையா நீ என்றுவரை போய்விட்டது. வில்யோ பதில் சொல்லாமல் மண்வாரியை எடுத்துக்கொண்டு ஏறினான். நாலு மணிக்கு இரண்டு தட்டு கேட்டது. துடைப்பம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கொஞ்சம் தவிக்கட்டும் என்று காப்பியை ஊதிக் குடித்தாள். மறுபடி இரண்டு தட்டு. அவசரமாக. அவள் அசையவில்லை. விளிம்புப் பக்கம் காலடி ஓடியது. அப்புறம் அந்தப் பெரிய சரிவுச் சத்தம். பனியைத் தள்ளிவிட்டான் என்றே நினைத்தாள்.

துணி துவைக்கும் இயந்திரம் ஓடியது, ஒன்றும் கேட்கவில்லை என்று ஊருக்குச் சொன்னாள். ஊர் நம்பியது. பத்து மாதமாக நெஞ்சுக்குள் அழுகிக் கிடந்தது அதுதான். ஒரே ஒரு முறை. இரண்டே தட்டு. அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி கிடைத்தால் உயிரையும் கொடுப்பேன் என்று எத்தனையோ தடவை தலையணையில் முகம் புதைத்துச் சொல்லியிருக்கிறாள்.

டொக். டொக்.

கத்தியைப் போட்டுவிட்டு ரெய்னோவுக்குப் போன் செய்தாள்.

"அட, அதுக்கா பயந்த? புது மரம்மா. குளிர்ல ஆணி இறுகும்போது படீர்னு சத்தம் போடும். முத வருஷம் எல்லாக் கூரையும் பேசும்."

"ரெண்டு ரெண்டா பேசுமா?"

"சைமா, நீ மில்வாக்கிக்குப் போ. காலையில பஸ் ஸ்டாண்டுக்கு நானே கொண்டுபோய் விடறேன்."

அவள் போகவில்லை. தட்டல் தினமும் நாலு மணிக்கு வந்தது. வீடு குளிர்ந்துகொண்டே போனது. வசந்தம் வரைக்கும் என்று அடுக்கிய விறகில் பாதி தீர்ந்துவிட்டது. அடுப்பின் இரும்பு சிவக்கச் சிவக்க எரிந்தும், ஊற்றிய காப்பி அவள் கைக்குள் வந்ததும் ஆறியது. மேலே கறுப்புத் தடம் மட்டும் அகலமாகிக்கொண்டே வந்தது. தபால் பெட்டியருகே கையில் விழுந்த பனி உருகப் பத்து எண்ணும் நேரம் ஆனது. அடுத்த நாள் முப்பது.

திங்கட்கிழமை தடம் படுக்கையறைக்கு நேர்மேலே வந்து நின்றது. பட்டப்பகலில், மனதைத் திடப்படுத்திக்கொண்டு, விளக்கோடு பரணில் ஏறினாள். பஞ்சு ஒரு மட்டமாக, உள்ளே விழுந்த பனியைப் போல, கோடிவரை கிடந்தது. கைமரங்களில் உறைபனி மின்னியது. முழங்காலால் குறுக்குச் சட்டங்கள் மேல் ஊர்ந்துபோனாள். கட்டிலுக்கு நேர்மேலே பஞ்சு அமுங்கியிருந்தது. தலை. தோள். நீட்டிய கால். ஒருக்களித்துப் படுத்த ஆளின் பள்ளம். வில்யோ சுவர்ப்பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவான்.

பள்ளத்துக்குள் கை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் எழுந்துபோன படுக்கை போல.

அதற்குப் பக்கத்தில், அவள் எப்போதும் படுக்கும் பக்கத்தில், பஞ்சு கலையாமல் இருந்தது. அங்கே இடம் விட்டிருந்தது.

எப்படி இறங்கினாள் என்று தெரியாது. பெட்டியில் துணியை அடைத்தாள். நாளைக் காலை முதல் பஸ். ஆனால் அன்று மதியமே ஏரிப்பக்கமிருந்து புயல் வந்து சாலையை விழுங்கிவிட்டது. போன் செத்துப்போனது. சன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. பக்கத்து வீடுகள் காலி. மொத்தத் தெருவில் அவள் ஒருத்தி.

நாலு மணி.

டொக். டொக்.

காதைப் பொத்தினாள். எலும்புக்குள் கேட்டது.

டொக்டொக். அவசரமாக.

அந்த அவசரம் அவளுக்குத் தெரியும். அதில் கோபம் இல்லை. அவளுக்கு என்ன ஆனதோ என்ற பதற்றம். அன்றும் அதுதான் இருந்தது. இப்போது காலடி. பனியில் புதையும் கனத்த காலடி. முகட்டிலிருந்து கீழே. விளிம்புப் பக்கம். போகிறான். மறுபடி போகிறான்.

"வேணாம்! வில்யோ, அங்க போகாத!"

துடைப்பத்தைப் பாய்ந்து எடுத்தாள். கட்டில்மேல் ஏறினாள். கட்டையால் மேல்தளத்தை இடித்தாள். ஒன்று. இரண்டு.

காலடி நின்றது.

பத்து மாதத்து அழுகை உடைந்துகொண்டு வந்தது. "இருக்கேன்யா. நானும் இருக்கேன். அன்னிக்கும் இருந்தேன்."

மேலே மெல்ல, நிதானமாக, அந்தக் கனம் திரும்பி வந்தது. தலைக்கு நேரே வந்து படுத்தது. மேல்தளப் பலகை லேசாகக் கீழே வளைந்தது. அவள் கட்டிலில் சாய்ந்தாள். அடுப்பு அணைவது தெரிந்தது. எழ மனமில்லை. பத்து மாதமாக வராத தூக்கம் வந்தது.

விடிந்தபோது புயல் ஓய்ந்திருந்தது. உடம்பு பஞ்சாக லேசாகியிருந்தது. குளிரே இல்லை. மேல்கோட்டு போட மறந்து தெருவுக்கு வந்துவிட்டாள். நெஞ்சுப் பாரமெல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ரெய்னோவின் வண்டி பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ரெய்னோ!" என்று கை அசைத்தாள். அவர் இறங்கினார். அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. இடுப்பளவு பனியில் விழுந்து எழுந்து, அவளை உரசிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

புகைபோக்கியில் புகை இல்லை. முகடு முதல் இறவாரம் வரை வெள்ளை. தெற்குக் கோடியில் மட்டும், ஈரக் கறுப்பில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு தடங்கள். ஒன்று ஆறடி. இன்னொன்று கொஞ்சம் குட்டை. இரண்டிலிருந்தும் ஆவி எழுந்தது.

வாசலிலிருந்து தெருவரைக்கும் பனியில் ரெய்னோவின் தடம் மட்டும்தான் இருந்தது.

"சைமா! கதவைத் திறம்மா!" முஷ்டியால் கதவில் இரண்டு தட்டு தட்டினார்.

கூரையிலிருந்து இரண்டு தட்டு பதில் வந்தது.

பனி மறுபடி தூறத் தொடங்கியது. சைமா உள்ளங்கையை விரித்து நீட்டினாள். ஒரு துளி வந்து உட்கார்ந்தது. அதன்மேல் இன்னொன்று. பத்து எண்ணினாள். முப்பது எண்ணினாள். நூறு எண்ணினாள். கை நிறையக் குவிந்தது. ஒன்றுகூட உருகவில்லை.