கதவைச் சாத்திய வக்கீல்கள்

வந்த பெண்மணி அழவில்லை. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்த அவசரத்துக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அவசரம் என்பது அவனுடைய பெயரல்ல. அந்தத் துப்பறியும் அலுவலகத்தை நடத்துகிறவரை ஊரே நிதானம் என்று கூப்பிட, கூடவே அலைந்துகொண்டிருந்த அவருடைய மச்சினனுக்கு இந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகியும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுகிற ஆளை வேறெப்படிக் கூப்பிடுவது?

பெண்மணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைப் படிப்பதுபோலத் தன் கதையைச் சொன்னார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். விவாகரத்து வேண்டும் என்று முதலில் கேட்டவர் அவர்தான். இருவரும் சேர்ந்து கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அதில் தன் பங்கை விட்டுக்கொடுத்து, பெண்மணி நாளைக் காலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்போ எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?" என்று நிதானம் கேட்டார்.

"தங்கச்சி பிடுங்கி எடுத்துட்டா சார். ஊர்ல ரெண்டு வக்கீலுங்க என்னை முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. அவர் என்னைப் பத்தி எதையோ கிளப்பிவிட்டிருக்காரு, அது என்னன்னு தெரிஞ்சுக்காம கையெழுத்துப் போடாதேங்கறா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தோணல சார். உடைஞ்ச காலோட நடந்து வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். மரத்துப்போயிருக்கும். அந்த மாதிரிதான் இருக்கு" என்றார்.

அந்த ஊரில் குடும்ப வழக்குகளைப் பார்க்கிற வக்கீல்கள் மூன்றே பேர். யார் யாரிடம் போனார், என்ன நடந்தது என்பதை வார்த்தை மாறாமல் சொல்லும்படி நிதானம் கேட்டுக்கொண்டார்.

முதலில் மருந்துக்கடை மாடியில் இருக்கிற வக்கீல். உட்காரச் சொன்னார், கணவர் பெயரைக் கேட்டார், கேட்ட கையோடு பேனாவை மூடிவிட்டு எழுந்துவிட்டார். மன்னிக்க வேண்டும், தன்னால் முடியாது என்றார். காரணம் சொல்லவில்லை. அடுத்தது நெட்டை வக்கீல். அங்கேயும் அதே கதைதான். கணவர் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஆனால் அந்த மனிதர் வாசல்வரை வந்து, வெளியூர் வக்கீலாகப் பார்த்துக்கொள்ளும்படியும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ள வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். ஊரைவிட்டே போ என்று சொல்லாமல் சொல்கிறார் என்றுதான் பெண்மணிக்குப் பட்டது.

"மூணாவது?"

"வக்கீலம்மா. அவங்கதான் சார் மனுஷி. பேரைக் கேட்டதும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எதையுமே துருவல. நானும் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. 'கோர்ட்டு வாசல்ல நின்னு என்னத்தைக் காணப்போறீங்க? வீட்டை விட்டுடுங்க. கொஞ்ச நாளைக்குக் கொழுந்தியா வீட்டுல இருந்துக்கலாம். மனசு ஆறிடும்'னு சொன்னாங்க. சரின்னுட்டு வந்துட்டேன். நாளைக்கு அவங்க ரூம்லதான் கையெழுத்து."

அவசரத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் முதல் இரண்டு வக்கீல்களையும் மிரட்டி வைத்திருக்கிறார், இல்லாவிட்டால் வாங்கிப்போட்டுவிட்டார், வக்கீலம்மா ஒருவர்தான் அதற்கு மசியவில்லை, இப்போதே போய் அந்த நெட்டையைப் பிடித்து உலுக்கினால் உண்மை கொட்டிவிடும் என்று ஒரே மூச்சில் சொல்லிச் செருப்பையும் மாட்டிக்கொண்டான்.

"செருப்பைக் கழட்டு," என்றார் நிதானம். பிறகு பெண்மணியிடம் திரும்பி, "உங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவங்க உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஒரே பிள்ளை."

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்கன்னு வக்கீலம்மாகிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கேட்கவே இல்லையே."

நிதானம் மச்சினன் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "உன் பொண்டாட்டியோட தங்கச்சியை நீ என்ன முறை சொல்லுவ?"

"இதென்ன கேள்வி மாமா? கொழுந்தியா."

"உன் பொண்டாட்டி?"

"அவளுக்குத் தங்கச்சிதானே. அவ எப்படிக் கொழுந்தி..." அவசரம் வாயை மூடிக்கொண்டான். அவன் பாதி வாக்கியத்தில் நின்றதை அந்த அலுவலகம் அன்றைக்குத்தான் பார்த்தது.

நிதானம் குரலை உயர்த்தாமல் விளக்கினார். ஒரு பெண்ணுக்கு வக்கீலாக இருப்பவர் அவளுடைய தங்கையைத் தங்கச்சி என்றுதான் சொல்வார். கொழுந்தியா என்பது கணவன் வாயில் மட்டும் வருகிற சொல். கணவரோ ஒரே பிள்ளை, அவர் பக்கத்தில் அப்படிச் சொல்ல வேறு யாரும் இல்லை. பெண்மணி தங்கையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆகவே வக்கீலம்மா தங்கையைப் பற்றித் தெரிந்துகொண்டது கணவரிடமிருந்துதான். 'கொழுந்தியா வீட்டுல இருந்துக்கலாம்' என்று அவர் சொன்னதை, காதில் விழுந்த அதே உருவத்தில் வக்கீலம்மா திருப்பிச் சொல்லிவிட்டார். எதையும் துருவாததற்கும் அதுதான் காரணம். எல்லாம் முன்பே தெரிந்தவர் எதற்குக் கேட்கப்போகிறார்?

"அப்போ அந்த ரெண்டு பேரும்?"

"யோக்கியமானவங்கம்மா. ஒருத்தருக்கு யோசனை சொன்ன வக்கீல், அதே வழக்குல எதிராளிக்கு வரக்கூடாது. இன்னார் என்கிட்ட வந்தாருன்னு வெளியவும் சொல்லக்கூடாது. உங்களுக்கு ஊர்ல ஆளே இருக்கக்கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் மூணு பேரையும் முன்கூட்டியே பார்த்துட்டாரு. ரெண்டு பேர் முறைப்படி கதவைச் சாத்திட்டாங்க. அதுலயும் நெட்டை, வெளியூர்ல பாருங்கன்னாரே, வாயைக் கட்டிப்போட்ட மனுஷன் அதுக்குமேல எதைச் சொல்ல முடியும்?"

பெண்மணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கதையில் யாரும் தன்னைப் பற்றி எதையும் கிளப்பவில்லை என்பது அவருக்கு ஆறுதலாகக்கூட இல்லை. "எதுவும் கேட்காம இருந்தாங்களேன்னுதான் சார் அவங்களைப் பிடிச்சுது" என்றார்.

மறுநாள் காலை மூவரும் வக்கீலம்மாவின் அறைக்குப் போனார்கள். கண்ணாடிக் கடைக்காரர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தம் விரித்து வைக்கப்பட்டு, அதன்மேல் பேனாவும் தயாராக இருந்தது. வக்கீலம்மா எழுந்து வந்து பெண்மணியின் கையைப் பிடிக்கப் போனார். பெண்மணி கையைக் கைப்பைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"என் தங்கச்சியைக் கொழுந்தியான்னு யார் சொல்லுவாங்க மேடம்?"

வக்கீலம்மா சிரித்தார். ஏதோ வாய் தவறி வந்திருக்கும் என்றார்.

"வாய் தவறலாம்," என்றார் நிதானம். "இவங்களுக்குத் தங்கச்சியே இல்லைன்னா வாய் தவறினதோட போயிருக்கும். இவங்க சொல்லாத தங்கச்சி உங்களுக்கு எப்படிக் கிடைச்சாங்க?"

சிரிப்பு மெல்ல இறங்கியது. வக்கீலம்மா கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. அந்த அறையில் அதற்குமேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

கணவருக்கு மட்டும் அது புரியவில்லை. "என்ன மேடம் வளவளன்னு பேசிக்கிட்டு? அந்தம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, கடை திறக்கணும்" என்றார்.

பெண்மணி அவரை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, மூடி, வக்கீலம்மாவின் பக்கமே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

தெருவுக்கு இறங்குகிற படிக்கட்டில் நிதானம் மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த ஊரில் ஒரு வக்கீல் இருக்கிறார், சிடுமூஞ்சி, கேள்வி கேட்டே ஆளைத் துளைத்துவிடுவார், அவரிடம் போங்கள். எரிச்சல் வந்தாலும் பதில் சொல்லுங்கள், வீட்டில் உங்களுக்குள்ள பாதியை அவர் லேசில் விடமாட்டார். வக்கீலம்மா மீது என்ன புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே பார்த்துக்கொள்வார். பெண்மணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"என் தங்கச்சி அவருக்கு இன்னும் கொழுந்தியாதான்," என்றார். "நான்தான் அந்தம்மா ஆயிட்டேன்."



பெண்மணி கைப்பையை அணைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். "வலிக்குது சார்," என்றார், நெஞ்சில் கைவைத்து. அவசரம் பதறிப்போய் ஆட்டோவுக்கு ஓடப் போனான். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். "பரவாயில்லப்பா. வலிக்கட்டும். இத்தனை நாளா வலிக்கவே இல்ல."

அவர் அழுதார். அவசரம் தன் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். கைக்குட்டைப் பெட்டி அலுவலக மேசையிலேயே இருந்தது.