நாற்பது ஆமென்

சாந்தபுரம் கோயிலின் வசன நடுவியிடம் போன வாரம் ஒருவர், கிணற்றில் உப்புநீர் ஊறுகிறது, வேறு இடத்தில் தோண்டலாமா என்று கேட்டிருந்தார். நீ செய்வதெல்லாம் வாய்க்கும் என்ற பொருளில் ஒரு வசனம் பதிலாக வந்திருந்தது. மருமகள் மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்ட அம்மாளுக்கும் அதே வசனம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா என்று கேட்டவருக்கும் அதே. மூன்று பேரும் நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பதிவைப் படித்துக்கொண்டிருந்த எப்சிபாவுக்கு அந்த நிம்மதிதான் பொறுக்கவில்லை.

அவள் அடித்தட்டு ஆய்வாளர். மதுரையில் இருக்கும் திருச்சபைப் பேரவை அலுவலகத்திலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கோயிலுக்கும் வந்து, மக்கள் வேண்டாமென்று ஒதுக்கிய வசனங்கள் எவை என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

வசன நடுவி வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு சபைத் தேர்தலுக்கும் ஒரு வழக்கு என்று நீதிமன்றப் படிகளில் செருப்புத் தேய்ந்த காலத்தில், பேரவை கோயிலுக்கு ஒன்றாக அதை நிறுத்தியது. பலிபீடத்துக்கு இடப்பக்கம் ஆளுயரக் கண்ணாடிப் பலகை. கேள்வி கேட்டால் வேதாகமம் முழுவதையும் துழாவிப் பொருத்தமான வசனத்தைக் காட்டும். மனிதர் யாரும் அதை மாற்ற முடியாது.

முதல் வருடம் அது உண்மையாகவே முழுவதையும் துழாவியது. அதுதான் வினையாகிவிட்டது. புது வீட்டுச் சுவரில் பூஞ்சை பூக்கிறதே என்று கேட்டவருக்கு, ஆசாரியனை அழைத்துச் சுவரைச் சுரண்டி, கல்லைப் பெயர்த்து ஊருக்கு வெளியே கொட்டச் சொல்லும் லேவியராகமச் சட்டம் வந்தது. தெருப் பிள்ளைகள் வழுக்கையைக் கேலி செய்கிறார்கள் என்று முறையிட்ட சபைக் கமிட்டி உறுப்பினருக்கு, தன் வழுக்கையைக் கேலி செய்த பிள்ளைகளைச் சபித்த எலிசாவும் அவர்களைக் கிழித்துப்போட்ட இரண்டு கரடிகளும் வந்தன. அவர் நடுங்கிப்போய் அன்றே பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மகளுக்குக் கல்யாணத் தேதி கேட்ட ஒருவருக்கு, தந்தையின் பொருத்தனைக்குப் பலியான யெப்தாவின் மகள் வந்தாள். அந்தக் குடும்பம் சபையை விட்டே போய்விட்டது.

அதன் பிறகுதான் ஆமென்மானியைப் பொருத்தினார்கள். கூட்டத்தில் எத்தனை குரல் ஆமென் சொல்கிறது என்று தனித்தனியாக எண்ணும் காது அது. நாற்பது ஆமென் கிடைத்த வசனம் அந்தச் சபையைக் கட்டுப்படுத்தும். மூன்று தடவை வாசித்தும் நாற்பது கிடைக்காவிட்டால் வசனம் அடித்தட்டுக்கு இறங்கிவிடும், நடுவி பிறகு அதைத் தொடாது. முப்பத்தோராயிரத்துச் சொச்சம் வசனங்களில் சாந்தபுரத்தின் மேல்தட்டில் மிச்சம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் தேன். இந்த ஊரில் குழந்தைக்குப் பேர் வைப்பதிலிருந்து கல்லறைக்கு இடம் கொடுப்பது வரை அந்த அறுநூற்றுப் பன்னிரண்டில்தான் நடக்கிறது.

பேரவை ஆய்வாளருக்கு இரண்டு அதிகாரம் கொடுத்திருந்தது. அடித்தட்டு முழுவதையும் ஒரேயடியாகத் திறந்துவிடலாம். அல்லது, ஒரு வருகைக்கு ஒரு வசனம் என்ற கணக்கில், தகாதது என்று தோன்றுவதை இறக்கலாம். முதலாவதைச் செய்ய எந்த ஊர்க்காரரும் விட்டதில்லை. இரண்டாவதை நினைத்தாலே எப்சிபாவுக்கு அருவருப்பு. அவள் எழுதிய பதினொரு அறிக்கைகளுக்கும் முதல் வரி ஒன்றுதான்: "ஒரு வசனத்தைக்கூடத் தள்ளிவைக்க யாருக்கும் உரிமை இல்லை." பதினொரு தடவையும் பேரவையிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, பெண்களின் உபவாசக் கூட்டம். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டரை மணிக்குக் கமிட்டி ஆண்கள் பன்னிரண்டு பேர், செயலாளர் சற்குணம் தலைமையில், வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஜெயசீலி வந்தாள். தலை கலைந்திருந்தது. நேராக நடுவியின் முன்னால் போய் நின்றாள்.

அவள் தம்பி பொன்சிங், உப்பள எந்திரங்களைப் பழுதுபார்ப்பவன், முந்தாநாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். உடல் வீட்டில் குளிர்பெட்டியில் இருந்தது. அப்பாவின் கல்லறையில் அவனை வைக்க வேண்டும் என்று கேட்டாள் ஜெயசீலி. வேலிக்கு வெளியே, கள்ளிக்காட்டில் வைத்துக்கொள் என்றது கமிட்டி.

"எங்க அப்பாகூடத்தான் அவனும் கெடக்கணும். வசனம் சொல்லு," என்றாள் நடுவியைப் பார்த்து.

பலகை ஒளிர்ந்தது. நீ செய்வதெல்லாம் வாய்க்கும்.

யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள். ஜெயசீலி இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். "அடக்கத்தப் பத்திக் கேக்கேன்!"

"தன்னுயிரைப் போக்கிக்கொண்டவரின் அடக்கம் குறித்து இச்சபையின் மேல்தட்டில் வசனம் இல்லை," என்றது நடுவி.

"வசனம் இல்லன்னா குழி இல்ல தாயி," என்றார் சற்குணம். குரலில் வருத்தம்கூட இருந்தது. "நாங்க என்ன செய்ய? வேதத்துல இல்லாதத நாங்களா எழுத முடியும்?"

எப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேதத்தில இருக்கு," என்றாள். "நீங்க ஆமென் சொல்லாம கீழே தள்ளினதில இருக்கு."

கமிட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. சாவி அட்டையை நடுவியின் பக்கவாட்டில் செருகி அடித்தட்டைத் திறந்தாள். பலகை ஒரு கணம் இருண்டு, பிறகு எழுத்துகள் மழைபோல் மேலேறின. வம்சவரலாறுகள், சாபங்கள், குஷ்டச் சட்டங்கள், படுகொலைகள், யாரும் பிரசங்கம் செய்யாத புலம்பல்கள்.

"இப்பக் கேளுங்கம்மா," என்றாள்.

ஜெயசீலி மறுபடி கேட்டாள். இந்தத் தடவை நடுவி அகித்தோப்பேலைக் கொண்டுவந்தது. தாவீதின் ஆலோசகன். தன் யோசனை எடுபடவில்லை என்று கண்டதும் கழுதையில் ஏறி ஊருக்குப் போனான், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தினான், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். தன் தகப்பன் கல்லறையில் அவனை அடக்கம்பண்ணினார்கள். அவ்வளவுதான் வசனம். கண்டனமும் இல்லை, விளக்கமும் இல்லை.

ஜெயசீலி கடைசி வாக்கியத்தை உதட்டசைத்துத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் துரோகில்லா," என்றார் சற்குணம். "தாவீதுக்கே துரோகம் பண்ணுனவன். அவன வெச்சு நாம சட்டம் பேசுததா?"

"துரோகியையே அப்பன் கல்லறையில வெச்சிருக்காங்க ஐயா," என்றாள் எப்சிபா. "பொன்சிங் யாருக்குத் துரோகம் பண்ணினாரு?"

கோயில் மைக் பழுதாகும்போதெல்லாம் பொன்சிங்தான் வந்து சரிசெய்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சற்குணம் இருபது வருடமாகச் செயலாளர். எதிர்க் கேள்வி போடத் தெரியாமல் அந்த நாற்காலியில் அத்தனை வருடம் இருந்துவிட முடியாது. நடுவியின் பக்கம் திரும்பினார்.

"ஒரு பொம்பள சபைக்கு நடுவுல நின்னு தட்டத் திறந்தா அது செல்லுமா? வசனம் சொல்லும்."

என்ன வரும் என்று எப்சிபாவுக்குத் தெரியும். கொரிந்தியருக்கு எழுதின நிருபத்திலிருந்து வந்தது: சபைகளில் பெண்கள் பேசாமல் இருக்கட்டும், பேச அவர்களுக்கு உத்தரவில்லை என்பது. இதுவும் அடித்தட்டில்தான் கிடந்தது. அவள்தான் இப்போது அதையும் சேர்த்து மேலே கொண்டுவந்திருந்தாள்.

"ஆமென்!" என்று கமிட்டி முழங்கியது. சபைப் போதகரான சேகர ஐயர் ஞானாபரணம் மட்டும் பலிபீடத்தண்டை வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"பன்னிரண்டு," என்றது நடுவி. "இன்னும் இருபத்தெட்டு."

சற்குணம் பெஞ்சுகளைப் பார்த்தார். வேறு ஆண்கள் இல்லை. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். "என்ன பாக்கிய? வேத வசனம்லா? ஆமென் சொல்லுங்க!"

யாரும் சொல்லவில்லை.

முதல் வரிசையில் இருந்த செல்லக்கனி, உபவாசக் கூட்டத்தின் தலைவி, ஞாயிறுதோறும் சற்குணத்தின் ஜெபத்துக்கு எல்லோரையும்விடப் பலமாக ஆமென் சொல்பவள், முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் பொத்திக்கொண்டாள். பாயின் கடைசி வரை முந்தானைகள் ஏறின.

"ஏட்டி செல்லக்கனி, ஒன்னியத்தான்! வாயத் தொறந்து சொல்லு!"

செல்லக்கனி பணிவாகப் பலகையைச் சுட்டிக் காட்டினாள்.

"அவங்க பேசக்கூடாதுன்னுதானே அண்ணாச்சி போட்டிருக்கு," என்றார் ஞானாபரணம் ஐயர் மெல்ல. "வசனத்துக்குக் கீழ்ப்படியுதாங்க. நாம கொற சொல்ல முடியாதுல்லா?"

சற்குணத்தின் முகம் கறுத்தது. "ஒரு தடவ பேசிட்டு அப்புறம் சும்மா இருக்கட்டும்," என்றார். தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்து, அடுத்த வார்த்தையை விழுங்கினார். நடுவி ஒரு நிமிடம் காத்திருந்தது. "பன்னிரண்டு. முதல் வாசிப்பில் வசனம் இச்சபையைக் கட்டுப்படுத்தவில்லை," என்றது. பிறகு, விட்ட இடத்துக்கே போய் அகித்தோப்பேலைக் காட்டி, ஆமென் கேட்டது.

முந்தானைகள் இறங்கின. பட்டினி கிடந்த பெண்களுக்கு அத்தனை குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஐயரின் குரலும் அதில் இருந்தது. பெஞ்சில் ஒரு கமிட்டி உறுப்பினர் தலையைக் குனிந்துகொண்டு தானும் சொன்னார்.

"ஐம்பத்துநான்கு," என்றது நடுவி.

நாலு மணிக்குப் பொன்சிங்கை அவன் அப்பாவின் கல்லறையில் வைத்தார்கள். ஐயர் அகித்தோப்பேலின் வசனத்தையே வாசித்தார். அடக்கத்துக்கு அதை வாசித்துக் கேட்டவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. ஜெயசீலி அழுதாள். இரண்டு நாளாக அவள் அழவே இல்லை என்று செல்லக்கனி எப்சிபாவிடம் சொன்னாள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு எப்சிபா கோயிலுக்குத் திரும்பினாள். படியில் சற்குணம் உட்கார்ந்திருந்தார். கோபம் ஆறியிருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மேடம், இன்னும் ரெண்டு வாசிப்பு இருக்குல்லா அந்த வசனத்துக்கு?" என்றார். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆண்கள் ஐக்கியம் கூடுது. அறுவது பேரு வருவாங்க. நாப்பது ஆமென் சுளுவா விழும். விழுந்துட்டா இந்தப் பொம்பளைக சொன்ன ஆமென் எதுவும் செல்லாது. அப்புறம் அந்தக் குழியத் தோண்டுதத பத்திப் பேசுவோம்."

"வசனத்தை இப்படியா பயன்படுத்துவீங்க?"

"நீங்கதான் மேல கொண்டாந்திய," என்றார் சற்குணம். வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

எப்சிபா உள்ளே போய் நடுவியின் முன் நின்றாள். காலி பாய்கள் சுருட்டப்படாமல் கிடந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அடித்தட்டை மூட முடியாது, திறந்தது திறந்ததுதான். இருப்பது இன்னொரு அதிகாரம். ஒரு வருகைக்கு ஒரு வசனம். அந்தக் கொரிந்தியர் வசனத்தை மட்டும் இறக்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அறுபது பேரும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகலாம். பொன்சிங்கை யாரும் தோண்ட மாட்டார்கள். இதில் என்ன யோசனை வேண்டியிருக்கிறது? கரடிகள் இருக்கட்டும், பூஞ்சை இருக்கட்டும், யெப்தாகூட இருந்துவிட்டுப் போகட்டும். இந்த ஒன்று மட்டும்தான். முதன்முதலில் ஒரு வசனத்தைக் கீழே தள்ளிய ஒவ்வொருவரும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பின் மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சாவி அட்டையைச் செருகி வசனத்தின் எண்ணைச் சொன்னாள்.

"ஆய்வாளர் இறக்கம்," என்றது நடுவி. "இந்த வேண்டுகோளுக்கும் ஒரு வசனம் உண்டு."

இப்போது அதன் கையில் முழுப் புத்தகமும் இருந்தது. பலகையில் உபாகமத்திலிருந்து ஒரு வரி எழுந்தது. நான் சொல்வதோடு எதையும் கூட்டவும் வேண்டாம், அதிலிருந்து எதையும் குறைக்கவும் வேண்டாம் என்பது.

"இதற்கு உங்கள் ஒரு ஆமென் போதும். சொன்னால் நீங்கள் கேட்ட வசனம் மேல்தட்டிலேயே இருக்கும். சொல்லாவிட்டால் இறங்கும்," என்றது நடுவி.

பதினொரு அறிக்கைகளில் அவள் எழுதியதும் இதையேதான். வார்த்தைதான் வேறு. அந்த வரியை அவளைவிட நம்பியவர் பேரவையில் யாரும் இல்லை. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எப்சிபா சபையில் பேசாமல் நின்றாள்.

"பூஜ்யம்," என்றது நடுவி ஒரு நிமிடம் கழித்து. "வசனம் அடித்தட்டுக்கு இறக்கப்பட்டது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

அவள் ஒரு பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டாவது அறிக்கையைத் திறந்தாள். முதல் வரியை எழுத வெகுநேரம் பிடித்தது.