அடுத்த வீட்டு இருமல்

சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவது அவளுக்குக் கேட்டது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். பூனைக்குட்டி தும்முவதுபோலச் சின்னதாக இரண்டு. பிறகு, பாட்டிலில் ஜூஸ் தீர்ந்தபின் ஸ்ட்ராவை உறிஞ்சினால் வருமே, அப்படி ஒரு மூச்சு. அந்த வீடு பூட்டிப் பல வாரமாகிறது. சாவி இவள் வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு யாராவதாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. அந்தச் சந்தில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். யார் எப்படி இருமுவார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். “நம்ம சந்துல கதவைத் தட்டவே வேணாம், வாசல்ல நின்னு இருமினாப் போதும், இன்னார்னு சொல்லித் திறந்துடுவாங்க” என்று அடுத்த வீட்டுத் தையல்காரர் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறிவிடும். அவருடைய மகள் தத்தித் தத்தி நடப்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் வாத்து. மழைக்காலத்தில் வாத்து போய்ச் சேர்ந்தாள். மழை விடுவதற்குள் தையல்காரரும் போனார். அவர் மனைவி சாவியை இவளிடம் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

பூனைக்குட்டித் தும்மல் வாத்தினுடையது.

“கேட்டுதாங்க?” என்றாள்.

மூலையில் கட்டிலில், இடது தோள் கொஞ்சம் தாழச் சாய்ந்திருந்த அவள் கணவர் கண்ணைத் திறக்கவில்லை. “உனக்கு இன்னிக்குத்தான் கேக்குதா?” என்றார்.

அவள் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்தாள். சாயங்காலமானால் செய்தே ஆகவேண்டிய வேலை அது. சந்து முடிகிற இடத்தில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை இருந்தது. பொழுது சாயும்போது உலையைத் திறப்பார்கள். புளித்த நெடி ஒன்று தொண்டையைப் பிடிக்கும்; அதன் பின்னாலேயே சாம்பல் நிறத்தில் ஒரு தூள், அவசரமே இல்லாமல், கூரைத் தகட்டின் மேல், கொடித்துணியின் மேல், குடத்துத் தண்ணீரின் மேல் வந்து உட்காரும். அடுத்தவர் வெள்ளைச் சட்டையை வாங்கி இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் மரமும் பால்கனியுமாக வீடுகள். சட்டைகள் அங்கிருந்துதான் வரும். அங்கே இவர்களுக்கு வீடு கிடைக்காது. இவர்கள் பேசுகிற சாயலைக் கேட்டவுடனே, “இப்பத்தான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சோம்” என்பார்கள். ஆலைக்கு இடம் பார்த்தபோது அந்தப் பக்கத்து ஆட்கள் கூடாதென்றார்கள். இந்தப் பக்கத்தில் யாரையும் யாரும் கேட்கவில்லை. சந்து முழுக்கத் திரண்டுபோய் முறையிட்ட பிறகு ஒரு அதிகாரி முகமூடியோடு வந்து, விளக்குக் கம்பத்தில் காற்றை அளக்கும் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். பெட்டி இருந்த நாளெல்லாம் ஆலை மூடிக் கிடந்தது. அதைக் கழற்றிய சாயங்காலமே உலை திறந்தது. காற்றில் கெடுதல் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அந்த உலையில்தான் அவள் கணவர், நிற்க முடிகிறவரை, வேலை பார்த்தார்.

மறுநாள் தையல்காரரின் இருமல் கேட்டது. துணி கிழிபடுவதுபோல நீளமாக, நடுவில் ஒரு மன்னிப்புக் கேட்கும் கனைப்போடு. அதற்கடுத்து, கோடி வீட்டில் குடியிருந்து செத்துப்போன சமையல்காரம்மாவினுடையது. பெரிய உடம்பு, சின்ன இருமல். முதலில் சாயங்காலம் மட்டும் கேட்டது. பிறகு மதியமும். இஸ்திரிச் சூட்டில் ஈரத்துணி சீறும் சத்தத்துக்கு நடுவே அவை ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல எழுந்து அடங்கின. அவள் பயந்தாள். ஆனால் பயத்தைவிட, பாதி ராகத்தில் நின்றுவிடும் வாத்தின் மூச்சு எப்போது திரும்ப வரும் என்று தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் தாளவில்லை.

கடைசியில் தையல்காரர் மனைவிக்குப் போன் போட்டாள்.

“உங்க வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களாம்மா?”

“இல்லியேக்கா. ஏன்?”

“ஒண்ணுமில்ல. ஏதோ சத்தம் கேட்டுது. எலியா இருக்கும்.”

 தையல்காரர் மனைவி மெல்லக் கேட்டாள்: “பாப்பா இருமுறாளாக்கா?”

இவளால் பொய் சொல்ல முடியவில்லை. “ஆமாம்மா” என்றாள்.

“நான் அங்க இருந்தப்பவே எனக்குக் கேட்டுதுக்கா. அதான் ஓடி வந்துட்டேன். பெத்தவ, விட்டுட்டு வந்துட்டேன்.” அழுகையை விழுங்குவது கேட்டது. “ரொம்ப இருமுறாளா? மூச்சு வாங்குதா? வெந்நி குடுத்தா கொஞ்சம் அடங்கும். அவளுக்கு வெந்நி போதும்க்கா.”

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் இருமல் நிற்கவே இல்லை. வாத்து இருமினாள். மூச்சை இழுத்தாள். மறுபடி இருமினாள். கணவர் கண்ணைத் திறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அந்த இஸ்திரி மேஜைத் துணிபோல வெளுத்திருந்தது.

“போய்ப் பாரு. பாவம், கொழந்தை” என்றார்.

“உங்களைத் தனியா விட்டுட்டா?”

“எனக்கென்ன. அந்தப் பக்கம் போனா நீ இருமுறது எனக்குக் கேக்காதா, நான் இருமுறது உனக்குக் கேக்காதா?”

அவள் ஒரு டம்ளரில் வெந்நீரை ஊற்றி எடுத்துக்கொண்டாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

பூட்டு முரண்டு பிடித்துத்தான் திறந்தது. உள்ளே முழு இருட்டில்லை. கரி படிந்த ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிப் பழுப்பு வெளிச்சம் கொஞ்சம் தரையில் கிடந்தது. தையல் மிஷின் மேல் சாம்பல் தூள். அலமாரி மேல், அடுப்பு மேல், தரையெல்லாம் தூள். அதில் ஒரு எலிக்கால் தடம்கூட இல்லை. பூட்டிய வீட்டின் புழுக்கத்தோடு புளித்த நெடி கலந்து அடித்தது. அவள் நுழைந்ததும் இருமல் நின்றது. கூடிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், வந்த ஆளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வதுபோல.

“வாத்து” என்று கூப்பிட்டாள்.  “அத்தை வந்திருக்கேன்டா. வெந்நி கொண்டாந்திருக்கேன்.”

வெளியே உலை திறந்தது.

கூரைத் தகட்டின் இடுக்குகளில் தூள் இறங்கத் தொடங்கியது. மெதுவாக. பழுப்பு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு. அறை முழுக்க இறங்கித் தரையைத் தொட்டது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரோரம் மட்டும் தொடவில்லை.

அங்கே அது பாதியிலேயே நின்றது.

எதன் மேலோ படிந்தது. முதலில் ஒரு வளைவு. தோள். அதற்குமேல் தலை. கீழே மடி, மடியில் இரண்டு கைகள். பக்கத்தில் இன்னொரு தோள், பெரியது. இரண்டுக்கும் நடுவில் தரையோடு தரையாகச் சின்னதாய் இரண்டு முழங்கால்கள். சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தூள் ஒவ்வொருவராக வரைந்துகொண்டே போனது. சின்னத் தோள்கள் ஏறி இறங்கின. பூனைக்குட்டித் தும்மல் இரண்டு.

ஓட வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் குனிந்து டம்ளரைச் சின்ன முழங்கால்களுக்கு முன்னால் வைத்தாள்.

அப்போது வேறொரு இருமல். கனமான மூட்டையைத் தரையில் இழுப்பதுபோல, அடிவயிற்றிலிருந்து. கல்யாணமான புதிதில் அவளைத் தூங்கவிடாத இருமல். பிறகு அது கேட்டால்தான் தூக்கமே வரும் என்று ஆகிப்போன இருமல்.

சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் அவள் வீடு. கட்டில் முனகவில்லை. மூச்சில்லை. ஒன்றுமே இல்லை.

“என்னங்க” என்றாள் சுவரைப் பார்த்து.

இருமல் இந்த அறையில் கேட்டது. வரிசையின் கடைசியில். கைக்கெட்டும் தூரத்தில்.

அங்கே புதிதாக ஒரு தோள். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்த தோள். இன்னும் அதிகம் படியவில்லை. இப்போதுதான் படிய ஆரம்பித்திருந்தது.

அவள் மண்டியிட்டாள். உள்ளங்கையால் அந்தத் தூளைத் துடைத்தாள், அவருக்கு வலிக்காமல். துடைத்த இடத்தில் தோள் இல்லை. சுவர் இருந்தது. கையை எடுத்தாள். தூள் இறங்கியது. தோள் வந்தது.

மறுபடி துடைத்தாள்.

மறுபடி வந்தது.