வாசலை மறித்த உப்பு

"ஐயோ... என்ரை மனுசன் போயிட்டாரே...!"

மீனலோசனியின் அலறல் அனலைதீவின் அந்த ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்டது.

டொக்டர் நிலக்சனா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே அறைக்குள் ஓடினாள்.

கட்டிலில் தம்பிராசா. மீனலோசனியின் கணவர். அசையாத உடம்பு... பாதி மூடிய கண்கள்.

"செத்து அரை மணித்தியாலம்," என்றான் அவருடைய தம்பி மகன் சுதர்சனன். "மரணத் துண்டை எழுதித் தாங்கோ டொக்டர். பந்தல்காரரும் வந்திட்டினம்."

அரை மணித்தியாலத்தில் பந்தலா? காலன்கூட இவ்வளவு அவசரப்பட மாட்டானே!

நிலக்சனா கழுத்தில் விரல் வைத்தாள்.

மெல்ல... மிக மெல்ல... ஒரு துடிப்பு! மூக்கில் நூலிழையாக மூச்சு!

"ஆர் சொன்னது இவர் செத்திட்டார் எண்டு?"

முழங்காலில் தட்டினாள். கால் துள்ளவில்லை.

"அக்கா, இவருக்குக் கிட்னி பழுதெல்லே? காலமை எழும்பி என்ன குடிச்சவர்?"

"பேதி உப்பு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா எல்லாரும் குடிக்கிறதுதானே? சுதர்சனன்தான் கரைச்சுக் குடுத்தவன்."

நிலக்சனா அடுப்படியை எட்டிப் பார்த்தாள். குப்பைக்குள் ஆறு வெறும் உப்புப் பைக்கற்றுகள்!

"ஒண்டே போதும். ஆறு ஏன்?"

சுதர்சனன் சிரித்தான். "பேதி குடிச்சு ஆர் செத்தது?"

"கிட்னி நல்லா இருந்தால் உப்பு மூத்திரத்தோடை போயிடும். இவருக்குப் போகாது!" பையைத் திறந்தாள். "நரம்பு முனையிலை சின்னச் சின்ன வாசல் இருக்கு. அதாலை கல்சியம் உள்ளுக்கை போனால்தான் தசைக்குக் கட்டளை போகும். இந்த உப்பிலை இருக்கிற மக்னீசியம் கூடினால் வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கும். கல்சியத்தை நிறைய ஏத்தினால்தான் அது விலகும்!"

சுதர்சனன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"ஊசி போட்டுச் செத்தால் பழி உமக்கு! வேலை போகும்!"

"போகட்டும்! வேலை போனால் வேறை வேலை. இந்த மூச்சுப் போனால்? கையை எடும்!"

எடுத்தான். அவள் கண்கள் அப்படி!

"அக்கா, அழுதது போதும். இந்தக் காத்துப் பையை அவற்றை மூக்கிலை வாயிலை வைச்சு அமத்துங்கோ!"

மீனலோசனி அமத்தினாள். நிலக்சனா ஏற்றிய கல்சியம் இரத்த நாளத்தில் இறங்கியது.

ஒரு நிமிடம்... இரண்டு...

"பிரேதத்தோடை விளையாடுறா!" சுதர்சனன் முற்றத்தைப் பார்த்துக் கத்தினான்.

மூன்று...

சுண்டுவிரல் அசைந்தது! நெஞ்சு தானாக எழுந்தது!

தம்பிராசாவின் உதடுகள் பிரிந்தன.

"எல்லாம்... கேட்டது."

"என்ன கேட்டது ஐயா?"

"அசையத்தான் ஏலாமல் கிடந்தது. காதுக்கு ஒண்டுமில்லை. இவன் என்ரை தலைமாட்டிலை நிண்டு போனிலை சொன்னவன்... 'பெரியப்பா முடிஞ்சார். அவற்றை சுருவில் ஊர்க் காணிக்கு நான் கள்ள உறுதிப் பத்திரம் முடிச்சது இனி ஒருத்தருக்கும் தெரிய வராது' எண்டு!"

மீனலோசனி சுதர்சனனை நோக்கித் திரும்பினாள். நாளைக்கு அந்தக் காணி விஷயமாகத்தான் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போக இருந்தார்கள்!

சுதர்சனன் முற்றத்துக்கு ஓடினான். "பிடியுங்கோ அவனை!" என்று மீனலோசனி கத்த, பந்தல்காரர் மடக்கினார்கள். அவனே அழைத்த ஆட்கள்... பந்தல் கயிற்றாலேயே தூணோடு கட்டினார்கள். "பெரியம்மா, விடச் சொல்லுங்கோ!" என்று அவன் கெஞ்சினான்.

தம்பிராசா தலையைத் திருப்பி, யன்னலால் பார்த்தார்.

"பாரும் டொக்டர்... பேதி குடிச்சது நான். வயிறு கலங்கிறது அவனுக்கு!"