நிற்காத குறட்டை

இரவு ஷிப்ட் முடிந்து விசைத்தறிக் கூடத்திலிருந்து வந்த ஹேமநாத், சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகப் பாயில் விழுந்தான். மனைவி ஜெயப்ரியா ஜன்னல்களைச் சாத்தினாள். பட்டப்பகலில் அறை இருண்டது. புழுக்கத்தோடு தைல வாடையும் சேர்ந்துகொண்டது.

அவன் குறட்டை ஆரணி முழுக்கக் கேட்கும் என்று தெருவே கேலி செய்யும். வேலூர் டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. குறட்டையைப் போனில் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார். கேட்டுவிட்டு, நடுநடுவே மூச்சே நின்றுபோகிறது என்றார். மூச்சு மெஷின் வரும்வரை, குறட்டை நின்றால் உடனே உலுக்கி எழுப்பவேண்டும்.

ஜெயப்ரியா தறி வீட்டில் பிறந்தவள். சத்தத்தில் அயர்ந்து தூங்குவாள், சத்தம் நின்றால் திடுக்கிட்டு விழிப்பாள். சில நாட்களாக அந்த விழிப்பே வரவில்லை. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு.

வீட்டுக் கூடத்தில் கண்ணயர்ந்தவளைப் போன் எழுப்பியது. டாக்டரம்மா.

"நேத்து புதுசா அனுப்பின பதிவைக் கேட்டேம்மா. அந்த ரூம்ல கூட யார் படுத்திருந்தாங்க?"

"அவரு மட்டும்தாங்க. நான் வெளிய கூடத்துல."

"அவர் மூச்சு இன்னும் நின்னு நின்னுதான் வருதும்மா. நிக்கிறப்பல்லாம் வேற யாரோ குறட்டை விடறாங்க. இவர் மூச்சு திரும்பினதும் நிறுத்திடறாங்க."

உள்ளே குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

போனைப் போட்டுவிட்டு இருட்டுக்குள் ஓடி, அவன் மார்பில் கைவைத்தாள்.

மார்பு அசையவில்லை.

குறட்டை மட்டும் ஏறி இறங்கியது.

"ஏங்க... எழுந்திருங்க..."

உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். தலை துவண்டு சாய்ந்தது. அவள் விழித்துவிடக் கூடாதென்றே அது இத்தனை நாளும் குறட்டை விட்டிருக்கிறது. அது புரிந்தபோது அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

பக்கத்து வீட்டு லீலா ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"அவருக்கு மூச்சு நின்னுபோச்சுக்கா! ஆட்டோ கூப்பிடுங்க, ஜல்தி!"

லீலா காதுகொடுத்துக் கேட்டாள். சிரித்தேவிட்டாள்.

"எங்கடி நின்னுச்சு? தெருவரைக்கும் கேக்குது. நைட்டெல்லாம் தறி ஓட்டிட்டு வந்த மனுசன், நல்லா தூங்கிகினு இருக்காரு. எழுப்பி பேஜார் பண்ணாத."

"அக்கா, அது அவரு இல்லக்கா..."

லீலா கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

ஜெயப்ரியாவின் கைக்கடியில் அவன் மார்பு சில்லிட்டுக்கொண்டிருந்தது.

குறட்டை இப்போது அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.