ஒன்பதாம் பக்கத்தில் மூன்று டிக்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

இர்மா வெல்டஸின் மேஜை போன் இருபதாவது தடவையாக அலறிக்கொண்டிருந்தது.

எதிர் அறையில் காபியை வாயருகே கொண்டுபோன போலீஸ் சீஃப் டாரில் க்ரூகர் கோப்பையைக் கீழே வைத்தார்.

மணி காலை ஏழே முக்கால். வெளியே மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர்.

இர்மா, ஆல்டன் ரிட்ஜ் நகரத்தின் சிட்டி கிளார்க்; நகராட்சியின் ஆவணங்களுக்கெல்லாம் பொறுப்பாளி. இருபத்தெட்டு வருஷமாக ஏழு மணிக்கு டாண் என்று வருகிறவள். இரண்டாவது மணிக்குள் போனை எடுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

டாரில் நடைகூடத்தைத் தாண்டி அவள் அறைக்குள் நுழைந்தார். விளக்கு எரிந்தது. அவளுடைய கோட் ஆணியில் தொங்கியது. அவளைக் காணோம்!

போனை அவரே எடுத்தார். செடர் தெருப் பள்ளித் தலைமையாசிரியை பேசினாள். நிலவறையில் மறுபடியும் அழுகிய முட்டை நாற்றமாம். கேஸ் கம்பெனிக்கு நாலு தடவை சொல்லியாயிற்றாம். ஆள் வருகிறார், ஆள் வருகிறார் என்கிறார்களாம்.

"எந்த சுவிட்சையும் தொடாதீங்க. பிள்ளைங்க எல்லாரையும் எதிர்ல இருக்கற சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த நிமிஷமே."

தீயணைப்பு வண்டியை அனுப்பச் சொல்லிவிட்டு போனை வைத்தவர், அப்போதுதான் கவனித்தார்.

ஆவணப் பெட்டக அறையின் இரும்புக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

இடுக்கில் ஒரு பனி பூட்ஸ்... அதற்குள் ஒரு கால்.

இர்மா குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் நகரத்தின் முத்திரை எந்திரம். ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும் வார்ப்பிரும்பு. மேயரையே தொடவிடாமல் அவள் காத்து வந்த சாமான். அதன் அடிப்பக்கத்தில் ரத்தமும் நரைமுடியும் ஒட்டியிருந்தன.

டாரில் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஜில்லிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்கு சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் கொண்டுவந்து வைக்கிற கை அது. அழ நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவள் தலைமாட்டில் ஒரு நீலக் கோப்பு விரிந்து கிடந்தது.

டால்மர் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனியோடு நகரம் போட்ட உரிமை ஒப்பந்தம்! ஊரின் தெருக்களுக்கு அடியில் குழாய் பதிக்கவும் மேலே கம்பி இழுக்கவும் இருபத்தைந்து வருஷத்துக்கு எழுதிக்கொடுக்கும் அனுமதி. புயல் அடித்த ஒரு ராத்திரியில் கவுன்சில் பாஸ் பண்ணியது. இன்று மதியம் பத்திரிகைக்குப் போக வேண்டும். அச்சேறிவிட்டால் சட்டம். அப்புறம் ஒரு கமாவை மாற்ற வேண்டுமானாலும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

*

வாசல் கேமராவில் ஒரே ஒரு முகம்.

ஏழு பத்துக்குக் கதவைத் தட்டுகிறான். டோனட் பெட்டியைப் படியில் வைக்கிறான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று காருக்கு ஓடுகிறான்.

கென்ட் ஹாலிகன். டால்மர் கம்பெனியின் ஊர்த் தொடர்பு அதிகாரி. ஒரு கவுன்சில் கூட்டம் விடாமல் முன் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறவன். ஊழியர்கள் வந்துபோகும் பின்வாசலில் கேமரா கிடையாது. அதற்குச் சாவி வைத்திருப்பவர்கள் நகராட்சி ஆட்கள் மட்டுமே.

ஒன்பது மணிக்குக் கென்டைக் கூட்டிவந்து இர்மாவின் அறையிலேயே உட்காரவைத்தார் டாரில். செய்தியைக் கேட்டதும் அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"எதுக்கு வந்தே?"

"டோனட் குடுக்க."

"கென்ட்... நான் சின்ன ஊர் போலீஸ்தான். சின்னப் பிள்ளை இல்ல."

கென்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். சொன்னால் வேலை போய்விடும் என்றான். சொல்லாவிட்டால் வேறு ஏதாவது போகும் என்றார் டாரில்.

"அவளை எச்சரிக்க வந்தேன், சீஃப். ஒன்பதாவது பிரிவு காணாமப் போயிடும்னு எங்க ஆபீஸ்ல மேலிடத்துல பேசிக்கிட்டாங்க. உங்க நகராட்சி ஆள் ஒருத்தர் பாத்துக்கறதா வாக்குக் குடுத்திருக்காராம். யாருன்னு தெரியாது. தட்டிப் பாத்தேன், திறக்கல. பயந்து போயிட்டேன்."

ஒன்பதாவது பிரிவை ஊரே அறியும். செடர் தெருவுக்கு அடியில் இருக்கும் எண்பது வருஷத்து இரும்புக் குழாயைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கம்பெனி தன் செலவில் மாற்ற வேண்டும். பனியில் மண் உப்பி உப்பிக் குழாய் விண்டுகொண்டிருக்கிறது. அதற்கு மேலேதான் பள்ளிக்கூடம்.

"உன் கம்பெனிக்கு நஷ்டமான விஷயத்துல உனக்கென்னய்யா அக்கறை?"

"என் பொண்ணு அங்க நாலாம் வகுப்பு படிக்கறா."

கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் நகராட்சி வக்கீல் வென்டல் ஆஷ்பி. மூன்று வாரம் அரிசோனாவில் வெயில் காய்ந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பியவர். ஊர் முழுக்கப் பனியில் வெளுத்துக் கிடக்க, அவர் மட்டும் வறுத்த முந்திரி நிறத்தில் இருந்தார். கையில் தோல் பை. இர்மாவுக்காக வருத்தப்பட்டார். அளவாக, அழகாக வருத்தப்பட்டார். அடுத்து, வேலை நிற்கக் கூடாது என்றார். ஒப்பந்தத்தின் அசல் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார்.

டாரில் கோப்பைத் திறந்து, ஒன்பதாம் பக்கத்தில் இருந்த ஒன்பதாவது பிரிவை உரக்கப் படித்தார்.

"செடர் தெருக் குழாயை, தேவை என்று கம்பெனி கருதும்போது, கம்பெனி மாற்றலாம்."

கென்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"பொய்! பன்னிரண்டு மாசம்னு இருந்தது! டிசம்பர்ல முதல் வாசிப்பப்பவே திருத்தினாங்க. நீங்களும்தானே இருந்தீங்க, வக்கீல் சார்?"

வென்டல் பொறுமையாகச் சிரித்தார். திருத்தலாமா என்று பேசியது ஞாபகம் இருக்கிறது, திருத்தியது ஞாபகம் இல்லை என்றார். கவுன்சிலர்கள் கையில் உள்ளது திருத்தத்துக்கு முந்தைய வரைவு. இர்மாவின் அசல் ஒன்றுதான் செல்லும்.

"பக்கத்தை மாத்திட்டாங்கன்னு சொல்றீங்களா, மிஸ்டர் ஹாலிகன்? முடியாதே. இர்மாவோட பழக்கம் எல்லாருக்கும் தெரியும். எந்தச் சட்டத்தையும் கவுன்சில்ல மூணு தடவை வாசிச்சுத்தான் பாஸ் பண்றது வழக்கம். ஒரு வாசிப்பு முடிஞ்சா, ஒவ்வொரு பக்க ஓரத்துலயும் ஒரு பச்சை டிக். இதோ பாருங்க, சீஃப். மூணு வாசிப்பு... மூணு டிக். அசல் பக்கம்தான்."

கென்ட் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் பொண்ணு, என் பொண்ணு என்று முனகினான்.

டாரில் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார். மூன்று டிக்.

எட்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

இரண்டு டிக்.

ஏழு... இரண்டு. ஆறு... இரண்டு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு... எல்லாம் இரண்டு!

டாரில் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"வென்டல்... ஜனவரி ஆறாம் தேதி நீ எங்க இருந்தே?"

"அரிசோனால. உனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு இங்க பனிப்புயல். ரெண்டாம் வாசிப்பு முடிஞ்சதும் நான்தான் எழுந்து நின்னேன். சாலையை மூடப்போறேன், எல்லாரும் வீடு போய்ச் சேருங்கன்னேன். மூணாம் வாசிப்பு வேண்டாம்னு ஓட்டுப் போட்டு, அன்னிக்கே பாஸ் பண்ணிட்டுக் கிளம்பிட்டாங்க. மூணாம் வாசிப்பே நடக்கல."

வென்டலின் முந்திரி நிறம் மெல்ல மெல்ல இறங்கியது.

"இந்தக் கென்ட் அன்னிக்கு முன் வரிசையில இருந்தான். இவன் போட்டிருந்தா ரெண்டு டிக்தான் போட்டிருப்பான். மூணு போட, அன்னிக்கு ஊர்ல இல்லாதவன் வேணும். பின்வாசல் சாவியும் வேணும்."

வென்டல் பையை மார்போடு அணைத்தார். டாரில் அதைப் பிடுங்கித் திறந்தார். நாலாக மடித்த ஒரு தாள். பன்னிரண்டு மாதம் என்ற எழுத்து. ஓரத்தில் இர்மாவின் கையால் இரண்டு பச்சை டிக். வேலையை முடித்தேன் என்று டால்மர் மேலிடத்துக்குக் காட்ட அத்தாட்சி வேண்டாமா? கம்பெனியின் தலைமை வக்கீல் நாற்காலி சும்மா கிடைக்குமா?

அரிசோனாவிலேயே தயார் செய்த போலித் தாள். காலை ஆறே முக்காலுக்குப் பெட்டகத்தில் கைவைத்தபோது இர்மா கால் மணி நேரம் முன்னதாக வந்து தொலைத்தாள். காலடியில் பிணம் கிடக்க, மற்ற பக்கங்களைப் புரட்டிப் பார்க்க எவனுக்குத் தைரியம் வரும்?

"அவ கத்தக்கூட இல்ல, டாரில்," என்றார் வென்டல், வறண்ட குரலில். "அந்தப் பக்கத்தைக் குடுன்னு கையைத்தான் நீட்டினா."

மேஜை போன் அடித்தது. டாரில் இரண்டாவது மணிக்குள் எடுத்தார். தீயணைப்பு ஆள். பள்ளி நிலவறை முழுக்க கேஸ் நிரம்பிக் கிடந்ததாம். யாராவது ஒரு சுவிட்சைத் தட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். பிள்ளைகள் எல்லாரும் சர்ச்சில் பத்திரம்.

அதைக் கேட்டதும் கென்ட் ஓவென்று அழுதான்.

டாரில் அசல் பக்கத்தைக் கோப்பில் அதன் இடத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்பதாவது பிரிவு மதியம் அச்சுக்குப் போகும். போலீஸ் சாட்சியோடு போகும்.

பிறகு விலங்கை எடுத்து, கைதாகிறவனுக்கு வாசித்தாக வேண்டிய உரிமைகளைச் சொல்லத் தொடங்கினார்.

"வாயை மூடிக்கிட்டிருக்க உனக்கு உரிமை உண்டு, வென்டல். வக்கீல் வச்சுக்க உரிமை உண்டு..."

"எனக்குத் தெரியும், டாரில். சட்டம் படிச்சவன் நான். வாசிக்காம விட்டுடு."

"அதெப்படி?" விலங்கு க்ளிக் என்று பூட்டியது. "இந்தத் தடவை பனி கொட்டினாலும் மூணு வாசிப்பும் உண்டு!"